மலைக்கோரையின் மூன்று வகைகள்: எதை நம்பிப் பிரிப்பது?

அமெரிக்காவின் மேற்கு மலைகளில், மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்குச் சற்றுக் கீழும் மேலுமாக, பனி உருகிக் கசியும் ஈரப் புல்வெளிகளை ஒரு கோரைச் செடி மூடிக் கிடக்கிறது. அதன் அறிவியல் பெயர் கேரெக்ஸ் ஸ்கோபுலோரம். அந்நாட்டவர் அதை மலைக்கோரை என்ற பொருளிலேயே அழைக்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். தாவர நூல்கள் இதை மூன்று வகைகளாகப் பிரிக்கின்றன. ராக்கி மலைகளில் வளர்வது ஸ்கோபுலோரம் வகை. காஸ்கேட், சியெரா நெவாடா மலைகளில் வளர்வது பிராக்டியோசா வகை. வாஷிங்டன், ஐடஹோ, மொன்டானா, பிரிட்டிஷ் கொலம்பியா பகுதிகளில் வளர்வது பிரியோனோபில்லா வகை. மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால், பழகாத கண்ணுக்கு ஒரே செடியாகத்தான் தெரியும். பழகிய கண்களும் நூறாண்டுக்கும் மேலாக இவற்றைப் பற்றி ஒத்த கருத்துக்கு வந்ததில்லை. ஒருவர் தனித்தனிச் சிற்றினங்கள் என்றார். இன்னொருவர் ஒரே சிற்றினத்தின் வகைகள் என்றார்.

இந்தப் பிரிவினை உண்மையானதா, எந்த அடையாளங்கள் அதைத் தாங்குகின்றன, எவை தாங்கவில்லை என்பதை இக்கட்டுரை பார்க்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் ஒன்று, பிரியோனோபில்லா, செடியின் அடிப்பகுதியைப் பார்த்தாலே பிரிந்துவிடும். மற்ற இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை மெலிதானது. முற்றிய பழப்பையும் வளர்ந்த இடமும் சேர்ந்து சாட்சி சொன்னால்தான் அது நிற்கும். தனி ஓர் அடையாளத்தை வைத்து இவற்றுக்குப் பெயரிடுவது கூடாது.

செடியை முதலில் அறிந்துகொள்வோம். கேரெக்ஸ் பேரினம் கோரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊரில் பாய் முடையும் கோரை அதே குடும்பத்தின் வேறொரு பேரினம், சைப்பெரஸ். கேரெக்ஸில் உலகெங்கும் ஏறத்தாழ 2000 சிற்றினங்கள் உள்ளன. பூக்கும் தாவரங்களின் மிகப் பெரிய பேரினங்களில் அதுவும் ஒன்று. குளிர்ந்த, ஈரமான நிலங்களே அதன் வீடு. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. இதழ் கிடையாது, நிறம் கிடையாது, மணம் கிடையாது; காற்றுதான் மகரந்தத்தைச் சுமக்கிறது. ஆகவே மற்றச் செடிகளில் நாம் பார்த்துப் பழகிய பூவின் அடையாளங்கள் எதுவும் இங்கே உதவாது. அதற்கு ஈடாக இந்தப் பேரினத்துக்கே உரிய ஓர் உறுப்பு இருக்கிறது. பெண் பூவின் சூலகத்தை ஒரு சிறு பை முழுவதுமாகச் சூழ்ந்திருக்கும். அதன் வாயில் ஓர் அலகு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த அலகின் வழியாகச் சூலகமுடிகள் வெளியே வரும். இந்தப் பையைப் பழப்பை என்கிறேன். கேரெக்ஸைப் பற்றி எழுதப்பட்ட அடையாளக் குறிப்புகளில் பெரும்பகுதி இந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர் பையைப் பற்றியதுதான்: அதன் வடிவம், நரம்பு, புள்ளி, அலகு, உள்ளிருக்கும் அக்கீன் கனியை அது இறுகப் பிடித்திருக்கிறதா, தளர்வாக மூடியிருக்கிறதா என்பன.

மலைக்கோரை சேர்ந்திருக்கும் பிரிவுக்கு பாக்கோசிஸ்டிஸ் என்று பெயர். இப்பிரிவில் சூலகமுடி இரண்டு. அக்கீன் இருபுறமும் குவிந்த பயறு போன்றது. இந்த ஓர் அடையாளத்தால் மூன்று சூலகமுடி கொண்ட ஏராளமான மலைக் கேரெக்ஸ்கள் உடனே விலகிவிடும். விலகாமல் நிற்பவை சில. கேரெக்ஸ் அக்குவாட்டிலிஸ் அவற்றில் முக்கியமானது. அதன் பழப்பை தட்டையாக அக்கீனோடு ஒட்டியிருக்கும், கதிர்களின் கீழுள்ள பூவடிச் செதில் இலைபோல் நீண்டு மஞ்சரியின் தலைக்கு மேலே போய்விடும். கேரெக்ஸ் நெப்ராஸ்கென்சிஸின் பழப்பையில் நரம்புகள் தெளிவாக எழுந்து நிற்கும். மலைக்கோரையில் பழப்பை நரம்பில்லாமல், சற்று உப்பி, அக்கீனைத் தளர்வாக மூடி, மேல்பாதியில் செம்பழுப்புப் புள்ளிகளோடு இருக்கும். பெண் பூச் செதில்கள் கரும்பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ இருக்கும். இதுவரை பெரிய தகராறு இல்லை. சிற்றினத்துக்குள் நுழையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அந்தச் சிக்கலை உருவாக்கியவரும் முதலில் விளக்க முயன்றவரும் தியோடர் ஹோல்ம். டென்மார்க்கில் 1854இல் பிறந்து, ஆர்க்டிக் பயணமொன்றில் பங்கேற்று, பின் அமெரிக்காவில் குடியேறியவர். கோரைக் குடும்பத்தைப் பற்றி அமெரிக்க அறிவியல் இதழொன்றில் நீண்ட கட்டுரை வரிசையை எழுதினார். மற்றவர்கள் கதிரையும் பழத்தையும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஹோல்ம் தண்டையும் இலையையும் குறுக்காக அறுத்து உருப்பெருக்கியில் பார்த்தார். மண்ணுக்குள் மட்டநிலத் தண்டு எப்படிக் கிளைக்கிறது என்று பார்த்தார். 1902இல் கேரெக்ஸ் ஸ்கோபுலோரத்துக்குப் பெயரிட்டவர் அவர்தான். அதையொட்டிய ஆண்டுகளில் பிரியோனோபில்லா, ஜிம்னோகிளாடா, கேம்பிலோகார்ப்பா என்று மேலும் மூன்று சிற்றினங்களையும் விவரித்தார். முதலாவதுக்கு அரம்போல் சொரசொரத்த இலை விளிம்பும், கேம்பிலோகார்ப்பாவுக்கு வளைந்த பழப்பையும் பெயர் தந்தன. இதற்கிடையே, தோட்டக்கலையில் புகழ்பெற்ற லிபர்ட்டி ஹைட் பெய்லி, இளமையில் கேரெக்ஸில் ஆழ்ந்திருந்தபோது, மேற்குக் கடற்கரை மலைகளின் வடிவம் ஒன்றை ஐரோப்பியக் கோரை ஒன்றின் கீழ் பிராக்டியோசா என்ற வகையாக வைத்திருந்தார். ஆகவே 20ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது ஒரே செடிக்கூட்டத்தின் மேல் ஐந்து பெயர்கள் குவிந்திருந்தன.

கென்னத் கென்ட் மெக்கன்சி நியூயார்க் வழக்கறிஞர். வாழ்நாளின் ஓய்வு நேரத்தையெல்லாம் கேரெக்ஸுக்கே கொடுத்தவர். வட அமெரிக்கக் கேரெக்ஸ்களைப் பற்றிய அவருடைய பணி 1930களில் வெளிவந்தது. அவர் இறந்தபின் 1940இல் நியூயார்க் தாவரவியல் பூங்கா வெளியிட்ட படநூலில் 539 படப்பலகைகள் இருக்கின்றன, எச். சி. கிரூட்ஸ்பர்க் வரைந்த அந்தப் படங்களுக்கு இணையான ஒன்று இப்பேரினத்துக்கு இன்னும் வரவில்லை என்பேன். மெக்கன்சி பிரிப்பவர். ஹோல்மின் பெயர்களைத் தனித்தனிச் சிற்றினங்களாகவே ஏற்றார். ஒவ்வொன்றுக்கும் கூரிய வரையறை கொடுத்தார். ஆனால் அவர் வரையறைகள் பெரும்பாலும் உலர்த்தி ஒட்டிய மாதிரிகளிலிருந்து வந்தவை. பத்து மாதிரிகளில் கூராகத் தெரியும் எல்லை, ஐந்நூறு மாதிரிகள் சேர்ந்ததும் மங்கிப் போவது இத்துறையில் திரும்பத் திரும்ப நடக்கிறது. மலைக்கோரையிலும் அதுவே நடந்தது.

எஃப். ஜே. ஹெர்மன் 1970இல் அமெரிக்க வேளாண்துறைக்காக ராக்கி மலைகளின் கேரெக்ஸ்களுக்குக் கையேடு எழுதினார். பிராக்டியோசாவை மலைக்கோரையின் வகையாக மாற்றியவர் அவரே. 1980களில் லிசா ஸ்டாண்ட்லி பசிபிக் வடமேற்கின் இந்தக் கூட்டத்தை முழுமையாக ஆராய்ந்தார்: நிலத்தில் நின்று கூட்டம் கூட்டமாகச் சேகரித்தார், அளந்தார், இலையின் எந்தப் பக்கத்தில் இலைத்துளைகள் இருக்கின்றன, மேல்தோலில் நுண்மேடுகள் உள்ளனவா என்று உள்ளமைப்பைப் பார்த்தார். பிரியோனோபில்லாவையும் அவர் வகையாக்கினார். ஜிம்னோகிளாடாவும் கேம்பிலோகார்ப்பாவும் பிராக்டியோசாவுக்குள் அடங்கின. 2002இல் வெளிவந்த வட அமெரிக்கத் தாவரத் தொகுதியின் 23ஆம் பாகம் இந்த மூன்று வகைகளையே ஏற்றது. ஹோல்மின் பெயர்கள் அழியவில்லை. ஒரு படி இறங்கி உட்கார்ந்தன.

இப்போது அடையாளங்களுக்கு வருவோம். முதலாவது, எல்லாவற்றிலும் உறுதியானது, செடியின் அடி. கேரெக்ஸின் தண்டுகள் பூக்கும் விதம் இரண்டு. ஒருவிதத்தில் ஒரு குருத்து முதலாண்டு இலைகளை மட்டும் விட்டு வளர்கிறது. அடுத்த ஆண்டு அந்த இலைக்கொத்தின் நடுவிலிருந்து பூந்தண்டு எழுகிறது. அப்படிப்பட்ட தண்டின் அடியைப் பார்த்தால் சென்ற ஆண்டின் காய்ந்த இலைகள் இன்னும் சுற்றி நிற்கும். இன்னொரு விதத்தில் பூந்தண்டு பழைய இலைக்கொத்தின் பக்கவாட்டில், புதுக் குருத்தாகவே கிளம்புகிறது. அதன் அடியில் பழைய இலை இருக்காது. இலைத்தாளே வளராத வெறும் இலையுறைகள்தான் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிவந்து ஒட்டியிருக்கும். உண்மையான இலைகள் அவற்றுக்கு மேலேதான் தொடங்கும். ஸ்கோபுலோரம், பிராக்டியோசா வகைகள் முதல் விதம். பிரியோனோபில்லா இரண்டாம் விதம்.

இது ஏன் உறுதியான அடையாளம்? உயரமும் நிறமும் ஒரு கோடையின் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏற்ப மாறிவிடும். பூந்தண்டு எந்தக் குருத்திலிருந்து, எந்த ஆண்டில் எழ வேண்டும் என்பதோ செடியின் வளர்ச்சித் திட்டத்தில் பதிந்த ஒன்று. அதை ஒரு வறண்ட கோடை மாற்றிவிடாது. இந்தக் குணத்தை வைத்து கேரெக்ஸின் பல கூட்டங்களில் சிற்றினங்களையே பிரிக்கிறார்கள் என்பதும் அதன் எடைக்குச் சான்று. இதோடு, பிரியோனோபில்லாவின் தண்டு மெலிந்து நிமிர்ந்திருக்கும், இலை மெல்லியதாகவும் விளிம்பு சொரசொரப்பாகவும் இருக்கும். ஆனால் இவை துணைச் சாட்சிகள். அடிதான் முதன்மைச் சாட்சி.

வருத்தம் என்னவென்றால், உலர்தாவரத் தொகுப்புகளில் இந்த அடிதான் பெரும்பாலும் இருப்பதில்லை. அடர்ந்த கோரைப் பரப்பில் தண்டைப் பிடித்து இழுத்தால் மண்மட்டத்துக்கு மேலே அறுந்து கையோடு வந்துவிடும். கதிர் அழகாக இருக்கிறது, பழம் இருக்கிறது, போதும் என்று அதை அப்படியே தாளில் ஒட்டிவிடுகிறார்கள். அந்த மாதிரியை வைத்து யாராலும் இந்த மூன்றில் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய குழப்பங்களில் கணிசமான பங்கு செடியின் இயல்பிலிருந்து வந்ததல்ல, அரைகுறைச் சேகரிப்பிலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டாவது, பழப்பை. இங்கே காலம் முக்கியம். முற்றாத பழப்பை எல்லா வகைகளிலும் தட்டையாக, வெளிறி, ஒரே மாதிரி இருக்கும். முற்றியபின்தான் அது உப்புகிறதா, புள்ளி எவ்வளவு தூரம் இறங்குகிறது, அலகு நேரா வளைவா என்பவை தெரியும். மேற்கு மலைகளின் வடிவங்களில் சிலவற்றின் பழப்பை உச்சி காயும்போது ஒரு பக்கமாகத் திருகி வளைகிறது. ஹோல்மை கேம்பிலோகார்ப்பா என்ற தனிப்பெயர் வைக்கத் தூண்டியது இதுவே. ஆனால் அதே கதிரில் நேரான பைகளும் திருகிய பைகளும் கலந்திருக்கும். உலர்த்திய விதமும் திருகலைக் கூட்டும், குறைக்கும். ஒரு பையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. ஒரு கதிரின் நடுப்பகுதியில் பத்துப் பன்னிரண்டு பைகளையாவது பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பூவடிச் செதிலும் கதிர்களின் அமைப்பும். பிராக்டியோசா என்ற பெயரே பூவடிச் செதிலால் வந்தது. கீழ்ப் பூவடிச் செதில் நீண்டு மஞ்சரியை எட்டும் செடிகள் அவ்வகையில் கூடுதல். ராக்கி மலை வடிவத்தில் கதிர்கள் குறுகித் தடித்து நெருங்கி நிற்பதும் பூவடிச் செதில் மஞ்சரிக்குக் கீழேயே நின்றுவிடுவதும் வழக்கம். கூடுதல், வழக்கம் என்று நான் எழுதுவது வேண்டுமென்றேதான். ஒரே சரிவில், ஒரே கூட்டத்தில் இந்த நீளம் மாறுபடுவதைக் காணலாம். நீர் நிறைந்த நிழலான ஓடைக்கரையில் செதில் நீளும். காற்றறையும் திறந்த மேட்டில் குறுகும்.

நிறமும் உயரமும் இன்னும் பலவீனமானவை. உச்சியில் ஒரு சாண் உயரம் நிற்கும் மலைக்கோரை கீழே ஈரக் காட்டோரத்தில் முழங்காலைத் தாண்டும். கருஞ்சிவப்புச் செதில் என்பது பல மலைச்செடிகளில் வலுத்த வெயிலோடும் குளிரோடும் சேர்ந்து ஆழமாகும் நிறம். இவற்றை அடையாளக் குறிப்பில் எழுதலாம். எல்லை வகுக்கப் பயன்படுத்தக்கூடாது.

சூழல் எவ்வளவு மாற்றுகிறது, பிறப்பு எவ்வளவு தீர்மானிக்கிறது என்ற கேள்விக்குச் செடிகளை இடம் மாற்றி நட்டுப் பார்ப்பதுதான் நேர்வழி. சுவீடனின் கோட்டே தூரெசோன் 1920களில் இதைத் தொடங்கினார்: கடற்கரையிலும் மலையிலும் வெவ்வேறு தோற்றத்தில் வளர்ந்த ஒரே சிற்றினத்தின் செடிகளை ஒரே தோட்டத்தில் வளர்த்தார். சில வேறுபாடுகள் மறைந்தன, சில மறையவில்லை. மறையாதவையே பிறப்பின் வேறுபாடுகள். இதைவிடப் பெரிய அளவில், மலைக்கோரை வளரும் அதே சியெரா நெவாடாவை உள்ளடக்கி ஜென்ஸ் கிளாசன், டேவிட் கெக், வில்லியம் ஹீசி மூவரும் செய்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் 30 மீட்டர் உயரத்தில் ஒன்று, மேதரில் 1400 மீட்டரில் ஒன்று, டிம்பர்லைனில் 3050 மீட்டரில் ஒன்று என மூன்று தோட்டங்கள். ஒரே செடியைப் பிளந்து மூன்றிலும் நட்டார்கள். 1940இல் வந்த அவர்கள் நூல் காட்டியது: உயரமும் பருமனும் இடத்தோடு மிகவும் மாறுகின்றன, பூக்கும் காலம், குளிர்கால ஓய்வு போன்றவற்றில் ஒவ்வொரு மலைமட்டத்துச் செடிக்கும் தனக்கே உரிய பிறவி வேறுபாடு இருக்கிறது. அவர்கள் ஆராய்ந்தவை வேறு செடிகள். ஆனாலும் பாடம் கோரைக்கும் பொருந்தும். மட்டநிலத் தண்டுள்ள கேரெக்ஸைப் பிளந்து நடுவது எளிது. எனவே எந்த வகைப் பிரிவையும் ஏற்பதற்கு முன் இந்தச் சோதனையைக் கேட்பது நியாயம்.

மட்டநிலத் தண்டு இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. மலைக்கோரை விதையால் பரவுவதைவிட மண்ணுக்குள் படர்ந்தே அதிகம் பரவுகிறது. நாம் நூறு செடி என்று எண்ணுவது ஒரே செடியின் நூறு தண்டுகளாக இருக்கலாம். ஒரு புல்வெளியில் நூறு தண்டுகளை அளந்து, அனைத்திலும் பூவடிச் செதில் நீளம் என்றால், அது வகையின் குணமா, ஒரே ஒரு தனிச்செடியின் குணமா? ஐரோப்பிய ஆல்ப்ஸில் கேரெக்ஸ் கர்வுலா என்ற கோரையில் இது வியக்கத்தக்க அளவுக்குப் போகிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராத அதன் தண்டுகள் சேர்ந்து உருவாக்கிய ஒரே தனிச்செடியில் 7000க்கும் மேற்பட்ட குருத்துகள் இருப்பதையும், அதன் வயது ஏறத்தாழ 2000 ஆண்டுகள் என்பதையும் 1996இல் சுவிஸ் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அப்படியானால் மாதிரிகளை ஒரே இடத்தில் அள்ளக்கூடாது. தள்ளித் தள்ளி, வெவ்வேறு சரிவுகளில் எடுக்க வேண்டும்.

அதே கேரெக்ஸ் கர்வுலா நம் கேள்விக்கு இன்னொரு நல்ல எடுத்துக்காட்டும் தருகிறது. அதில் கர்வுலா, ரோசே என்ற இரு உட்பிரிவுகள். முன்னது சுண்ணாம்பில்லாத அமிலப் பாறை மண்ணிலும், பின்னது சுண்ணாம்பு மண்ணிலும் வளர்கிறது. இலையை அறுத்துப் பார்த்தால் குறுக்குவெட்டின் வடிவம் வேறு. இங்கே மண்ணே அடையாளத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் இரண்டு மண்ணும் கலக்கும் இடங்களில் செடிகளும் கலக்கின்றன. ஃபிலிப் ஷொலெரும் அவரது குழுவினரும் 2004இல் மரபணுக் குறிகளை வைத்துப் பார்த்தபோது, தோற்றத்தில் கர்வுலாவாகவே இருந்த சில செடிகளில் ரோசேயின் மரபுக் கூறுகள் ஊடுருவியிருந்தன. அப்படிப்பட்டவை கர்வுலாவின் வழக்கமான வாழிடத்துக்கு விளிம்பிலிருந்த இடங்களில் காணப்பட்டன. அதாவது கலப்பு என்பது வகைப்பாட்டாளருக்குத் தொல்லை மட்டுமல்ல. செடி புதிய இடத்தில் காலூன்ற உதவும் வழியாகவும் இருக்கலாம். இடைவடிவத்தைக் கண்டதும் முகம் சுளித்து ஏதோ ஒரு பக்கம் தள்ளிவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எனக்கு இந்த ஆய்வு அழுத்தமாக உணர்த்துகிறது.

இன்றைய கருவிகள் இந்தச் சண்டையைத் தீர்த்துவிடாதா என்று கேட்கலாம். குரோமோசோமைப் பார்ப்போம். பெரும்பாலான உயிர்களில் குரோமோசோமில் சென்ட்ரோமியர் ஓரிடத்தில்தான் உண்டு. செல் பிரியும்போது இழுக்கும் இழைகள் அங்கேதான் பற்றும். குரோமோசோம் உடைந்து சென்ட்ரோமியர் இல்லாமல் போன துண்டு தொலைந்துபோகும். கேரெக்ஸில் அப்படியல்ல. குரோமோசோமின் நீளம் முழுவதுமே அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே ஒன்று இரண்டாக உடைந்தாலும் இரண்டும் பிழைக்கின்றன. இரண்டு ஒட்டிக்கொண்டாலும் பிழைக்கின்றன. இதனால்தான் இப்பேரினத்தில் குரோமோசோம் எண்ணிக்கை 12இலிருந்து 100க்கும் மேல்வரை பரவிக் கிடக்கிறது. ஐரோப்பாவின் மஞ்சள் கோரைக் கூட்டத்தில் இது பயன்பட்டது. லின்னேயஸ் 1753இல் கேரெக்ஸ் ஃபிளாவா என்ற ஒரே பெயரின் கீழ் வைத்ததில், ஃபிளாவாவுக்கு 60, லெப்பிடோகார்ப்பாவுக்கு 68, டெமிஸ்ஸாவுக்கு 70 என்று எண்ணிக்கை பிரிகிறது. அலகு வளைவும் பழப்பை நீளமும் சொன்னதைக் குரோமோசோம் ஆமோதித்தது. ஆனாலும் டெமிஸ்ஸாவும் அதன் குட்டை உறவினரும் ஒரே எண்ணிக்கையில் நிற்கின்றன. அவற்றைச் சிற்றினமாக்குவதா உட்பிரிவாக்குவதா என்ற வாதம் ஓயவில்லை. பாக்கோசிஸ்டிஸ் பிரிவில் எண்ணிக்கை இன்னும் உயர்ந்தது, எண்ணுவதே கடினம். ஒரே சிற்றினத்துக்குள்ளும் எண் மாறும் பேரினத்தில், ஒரு செடியின் எண்ணை மட்டும் வைத்து வகையைச் சொல்வது நம்பகமான வழியல்ல.

டிஎன்ஏ பட்டைக்குறியீடு இன்னொரு நம்பிக்கை. ஜூலியன் ஸ்டாரும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் கேரெக்ஸின் நன்கு அறியப்பட்ட மூன்று பிரிவுகளை எடுத்து, அன்று முன்மொழியப்பட்டிருந்த ஐந்து மரபணுப் பகுதிகளைச் சோதித்தார்கள். தனியாகவோ சேர்த்தோ பார்த்தாலும் பத்தில் ஆறு சிற்றினத்துக்கு மேல் பிரித்தறிய முடியவில்லை. சிற்றினங்களையே இப்படி என்றால், வகைகளை எங்கே? பனிக்காலத்துக்குப் பின் பரவி, இன்னும் கலந்துகொண்டிருக்கும் இளங்கூட்டங்களில் மிக மெதுவாக மாறும் மரபணுப் பகுதிகள் வேறுபாட்டைக் காட்டாது. மரபுத்தொகுதி முழுவதிலும் ஆயிரக்கணக்கான இடங்களைப் படிக்கும் புதிய முறைகளால் வெளிச்சம் வரும். அப்போதும் எந்தச் செடியிலிருந்து இலை எடுத்தோம் என்பதைக் காட்ட, அடியோடு சேகரித்த ஒரு மாதிரி தொகுப்பில் இருந்தாக வேண்டும்.

இவ்வளவு சிறிய வேறுபாட்டுக்கு ஏன் இத்தனை உழைப்பு? கொலராடோவின் நிவாட் முகட்டில் 1980 முதல் நீண்டகாலச் சூழலியல் ஆய்வு நடக்கிறது. சுமார் 3500 மீட்டர் உயரத்தில், காற்று பனியை வாரிக்கொண்டு போகும் வறண்ட மேட்டில் ஒரு கேரெக்ஸும், பனி உருகிய நீர் தங்கும் ஈரப் பகுதியில் மலைக்கோரையும் ஆள்கின்றன. பனி குறைந்தால், நைட்ரஜன் கூடினால், எந்தச் செடி எங்கே நகர்கிறது என்பதை அங்கே பார்க்கிறார்கள். மேற்கே ஒரிகன், வாஷிங்டன் வனத்துறையினர் ஓடைக்கரைகளின் நலத்தை அங்கு வளரும் கோரைகளை வைத்து மதிப்பிடுகிறார்கள். இறுகப் பின்னிய அவற்றின் வேர்ப்பாய்தான் கரையரிப்பைத் தடுக்கிறது. அந்தக் கையேடுகளில் பிரியோனோபில்லா ஆளும் இடமும் உச்சி மலைக்கோரை ஆளும் இடமும் வெவ்வேறு தாவரக் கூட்டங்களாகவே எழுதப்பட்டுள்ளன. முன்னது குளிர்ந்த காட்டோர ஈரநிலத்தோடும் பின்னது மரவரம்பை ஒட்டிய ஈரப் புல்வெளியோடும் சேர்ந்தது. பெயர் பிழையானால் கால்நடை எவ்வளவு மேயலாம், பாதை எங்கே போடலாம் என்ற முடிவும் பிழையாகும்.

ஆகவே வகை என்ற படி இங்கே சரியானது என்பதே என் தீர்ப்பு. மெக்கன்சி செய்தது போல் சிற்றினமாக்கினால், இல்லாத வேலி ஒன்றை நட்டதாகும். எல்லாவற்றையும் ஒரே பெயரில் கரைத்துவிட்டால், உண்மையிலேயே வேறாக வளரும் பிரியோனோபில்லா கண்ணிலிருந்து மறையும். ஸ்கோபுலோரத்துக்கும் பிராக்டியோசாவுக்கும் நடுவில் புவியியலே பாதி வேலையைச் செய்கிறது என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும்; ராக்கி மலையில் எடுத்தது என்று தெரிந்தபின் ஒருவர் கண்ணுக்கு அடையாளங்கள் தாமாகவே ராக்கி வடிவமாகத் தெரியத் தொடங்கும். அதனால் இடத்தின் பெயரை மறைத்துவிட்டு மாதிரிகளைப் பார்த்து வகை சொல்லும் பழக்கம் வேண்டும். இடைப்பட்டதை இடைப்பட்டது என்றே அட்டையில் எழுத வேண்டும்.

இந்தப் பேரினம் நமக்குத் தொலைவானதல்ல. நீலகிரியிலும் பழனிமலையிலும் சோலைப் புல்வெளிகளின் ஈரத்தில் கேரெக்ஸ் நுபிகெனா, சிவந்த பழப்பைகளால் தூரத்திலிருந்தே தெரியும் கேரெக்ஸ் பக்கன்ஸ், கேரெக்ஸ் ஃபகோட்டா எனப் பல வளர்கின்றன. ஃபகோட்டாவுக்கும் மலைக்கோரையைப் போலவே சூலகமுடி இரண்டு, அக்கீன் பயறு வடிவம். கோவையிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்திலும் திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்திலும் இவற்றின் மாதிரிகள் இருக்கின்றன. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சேகரிக்கப் போகும் தாவரவியல் மாணவர்களிடம் நான் கேட்பது இதுதான். கோரையை இழுத்துப் பிடுங்காதீர்கள். அனுமதி பெற்று, சிறு மண்கொத்தியால் ஒரே ஒரு கொத்தை மட்டநிலத் தண்டோடு தோண்டி எடுங்கள். பூக்கும்போது அல்ல, பழம் முற்றும்போது போங்கள். அடி ஈரமா, நீர் ஓடுகிறதா தேங்குகிறதா, எந்த மண், எவ்வளவு உயரம், பக்கத்தில் என்ன செடி என்று அங்கேயே குறிப்பேட்டில் எழுதுங்கள். பத்தடி தள்ளி மாறுபட்டு நிற்கும் செடியையும் ஒரு மாதிரி எடுங்கள்.